பொட்டலத்துக்குக் காவல்

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் வரும். மற்றபடி வீட்டிலும் வெளியிலும் அவன் 'கதவு'தான். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் அவன் வகுப்பு வாசலில் வந்து நின்றபோது உள்ளே வெளிச்சம் குறைந்துவிட்டது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த வாத்தியார் திரும்பிப் பார்க்காமலே, "யாருடா கதவைச் சாத்தினது?" என்று கேட்டார். அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயருக்கு ஏற்ற வேலையும் வாய்த்தது. நான்கு மாடி வணிக வளாகம் ஒன்றின் வாசலில் நின்று, வருகிறவர்களின் பைகளைத் திறந்து பார்த்து, கருவியால் உடம்பைத் தடவி உள்ளே விடுகிற வேலை. அவன் முகத்தைப் பார்த்தாலே பாதிப் பேர் கேட்காமலே பையைத் திறந்துவிடுவார்கள். ஒருவர் பதற்றத்தில் வாயையும் திறந்தார்.

அப்படிப்பட்டவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையில் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, "என்னம்மா இது, பொட்டலமாட்டம் இருக்கு!" என்றான். குழந்தை 'பொட்டலம்' ஆனாள். பொட்டலத்துக்கு ஐந்து மாதம் ஆகிறபோதுதான் ஊரில் தட்டம்மை பரவத் தொடங்கியது. முதலில் ஒரு பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அடுத்த வாரம் இன்னும் இரண்டு.

குழந்தை டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்.

"இவளுக்கு இந்த ஊசி போடற வயசு இன்னும் வரல. அதுவரைக்கும் சுத்தி இருக்கறவங்கதான் இவளுக்கு வேலி. ஊசி போட்டவங்க, இல்ல ஏற்கெனவே அம்மை வந்து போனவங்க மட்டும் பக்கத்தில வரட்டும். காய்ச்சல், இருமல்னா யாராயிருந்தாலும் வேண்டாம். கூட்டத்துக்கு எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்க. இருமினவன் போன பிறகும் அந்த ரூம் காத்துல கொஞ்ச நேரம் அது நிக்கும்."

"டாக்டர், அதை என்கிட்ட விடுங்க" என்றான் கதவு. அவன் வாழ்க்கையில் வேலையும் குடும்பமும் ஒரே இடத்தில் வந்து நின்றது அன்றுதான்.

மறுநாள் அவர்கள் இரண்டாம் மாடி வீட்டின் வாசலில் ஒரு நாற்காலி முளைத்தது. பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் சோப்பு, ஒரு குவளைத் தண்ணீர், முகக்கவசம் ஒரு பெட்டி. குழந்தை பிறந்ததிலிருந்து பார்க்க வராத சொந்தமெல்லாம், வரக்கூடாது என்று தெரிந்ததும் வரத் தொடங்கியது. நம் சனத்தின் சுபாவம் அப்படி.

"ஊசி போட்டாச்சா?" என்பான்.

"என்ன ஊசி?"

"தட்டம்மை ஊசி."

"எங்க காலத்துல…"

"போட்டாச்சா, இல்லையா?"

முதலில் அகப்பட்டவர் சித்தப்பா. வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் தரகர். பூட்டிக் கிடக்கிற வீடுகளைத் திறந்து திறந்து காட்டியதில், ஊரிலுள்ள தூசியெல்லாம் அவர் மூக்கில்தான் குடியிருந்தது. அவர் தும்மினால் பக்கத்துத் தெருவில் நாய் எழுந்து நிற்கும். குழந்தைக்கு ஒரு பஞ்சு யானை வாங்கிக்கொண்டு ஆசையாக வந்தார். கதவு பையை வாங்கி, யானையை வெளியே எடுத்து, அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தான்.

"ஏன்டா, யானைக்கும் ஊசி போட்டிருக்கணுமா?"

"யானை பரவாயில்ல. நீங்க போட்டாச்சா சித்தப்பா?"

"ஞாபகமில்லடா. இருக்கும்…" என்றவர் முகம் மெல்ல மாறியது. கண் சுருங்கியது. வாய் பிளந்தது. கதவு பதினைந்து வருடம் வாசலில் நின்றவன். ஆபத்து எந்த முகத்தில் வருகிறது என்று அவனுக்குத் தெரியும். உள்ளே பாய்ந்து கதவைச் சாத்தினான். வெளியே தும்மல் இடிபோல் விழுந்தது. யானையின் துதிக்கை மட்டும் கதவிடுக்கில் மாட்டி, உள்ளே வரமுடியாமல் தொங்கியது.

அன்று மாலையே குடும்ப வாட்ஸப் குழுவில் தீப்பற்றியது. 'பெற்ற அப்பனின் தம்பியை நாயைத் துரத்துவதுபோல் துரத்தினான்' என்று சித்தப்பா எழுத, அதற்குக் கீழே அழுகிற முகங்கள் வரிசைகட்டின. தொலைபேசி அடித்தபடி இருந்தது. அதை எடுத்தவள் அவன் மனைவி. ஒரு செல்போன் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களைக் கேட்பது அவள் வேலை. பிள்ளைப்பேறு விடுப்பில் இருந்தாலும் குரல் விடுப்பில் போகவில்லை.

"உங்க வருத்தம் எனக்கு நல்லாப் புரியுது மாமா. உங்க பொறுமைக்கு ரொம்ப நன்றி. குழந்தைக்கு ஊசி போட்டதும் முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவோம். வேற ஏதாவது உதவி வேணுமா மாமா?"

சண்டை போட அழைத்தவர்கள், தாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று புரியாமல் நன்றி சொல்லிவிட்டு வைத்தார்கள்.

எல்லாரையும் சமாளித்தார்கள். சமாளிக்க முடியாத ஒருத்தியும் ஒருநாள் படியேறி வந்தாள். பெரியம்மா.

தாயில்லாத பிள்ளையான கதவைத் தன் பிள்ளையாக வளர்த்தவள் அவள்தான். பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் நடை சத்தம் கேட்டாலே மாடிப்படியில் விளையாடுகிற பிள்ளைகள் உயரவாரியாக நின்றுவிடும். அன்று அவள் முகம் சரியாக இல்லை. ஏதோ யோசனையில் வந்தாள். கதவு அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை.

"ஊசி போட்டாச்சா பெரியம்மா?"

"என்னையாடா கேக்குற?"

"எல்லாரையும்தான் கேக்குறேன்."

"எனக்குச் சின்ன வயசுலயே அம்மை வந்து போச்சு. நகரு, உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"அம்மை வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்! உடம்பு என்னோடதுடா!"

"ஏதாவது ஆதாரம் இருந்தா…"

பெரியம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஆதாரமா? எங்கம்மா மேலோகத்துல இருக்கா. போய்க் கேட்டுட்டு வா. உன் மூக்கை எத்தனை தடவை சிந்தி விட்டிருப்பேன், அது உன் மூக்குதான்னு ஒருநாளாவது ஆதாரம் கேட்டேனா?"

"பெரியம்மா, அதில்ல…"

"போதும்டா." திரும்பிப் படி இறங்கிவிட்டாள். சொல்ல வந்த விஷயத்தைச் சொல்லவே இல்லை.

மனைவி உள்ளிருந்து, "அத்தைகிட்ட அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். மாஸ்க் குடுத்து உள்ள விட்டிருக்கலாம்ல?" என்றாள். "சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றான் கதவு. சொல்லிவிட்டு அன்று இரவு சாப்பிடவில்லை.

இரண்டு வாரத்தில் பெரியப்பா ரயில் ஓட்டுகிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பெரியம்மா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதிய விருந்து. குழுவில் அவள் அறிவிப்பு வந்தது: 'எல்லாரும் வரலாம். எங்கள் வீட்டு வாசலில் மரக்கதவு மட்டும்தான் உண்டு. பேசுகிற கதவு கிடையாது.'

பெரியப்பாவோ தனியாக அழைத்து, "நீ வரலைன்னா நான் கேக் வெட்டமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். போகாமல் இருக்கவும் முடியாது. கூட்டத்துக்குக் குழந்தையைக் கொண்டுபோகவும் முடியாது. மனைவிதான் வழி சொன்னாள்.

"கார்லயே இருந்துக்கறோம். நானும் இவளும் உள்ள. கண்ணாடி ஏத்தி, ஏசி போட்டுக்கறோம். பாக்கணும்னு ஆசைப்படறவங்க வெளிய நின்னு பாக்கட்டும்."

கார் சின்னது, பழையது. ஓட்டுகிற இடத்தில் கதவு உட்கார்ந்தால் ஸ்டீயரிங்குக்கு மூச்சு முட்டும். அதனால் எப்போதும் ஓட்டுவது மனைவிதான். பெரியம்மா வீட்டு எதிரில் மரநிழலாகப் பார்த்து நிறுத்தினாள். பொட்டலம் பின்சீட்டில் தன் கூடையில் தூங்கிக்கொண்டிருந்தாள். கதவு இறங்கினான். துணி காயப்போடுகிற நீலக் கயிறு ஒன்றை மரத்திலிருந்து விளக்குக் கம்பம்வரை கட்டினான். "ஒவ்வொருத்தரா வாங்க. கண்ணாடியைத் தட்டாதீங்க. முத்தம் கொடுக்கறதுன்னா காத்துல கொடுங்க."

கோபமாக இருந்த குடும்பமே வரிசையில் வந்து நின்றது.

"கண்ணாடி வழியா பாத்தா அப்படியே எங்கப்பா முகம்!" என்று கண்ணீர் விட்டாள் ஒரு சித்தி.

"அது உன் முகம். கண்ணாடியில தெரியுது. கொஞ்சம் குனிஞ்சு பாரு" என்றார் பின்னால் நின்றவர்.

குனிந்து பார்த்தாள். "அவளும் அப்படித்தான் இருக்கா" என்று விட்டுக்கொடுக்காமல் நகர்ந்தாள்.

ஒருவர் கண்ணாடியில் வாய் வைத்துக் கத்திக் கொஞ்சினார். ஒருத்தி தன் வளையலைக் கழற்றி ஆட்டிக் காட்டினாள். தெருவில் போன ஆட்கள், உள்ளே யாரோ பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்குள் பெரியப்பா கேக்குக்கு முன்னால் தனியாக உட்கார்ந்து பார்த்தார். யாரும் வருகிற மாதிரி இல்லை. எழுந்து வந்து தாமும் வரிசையில் நின்று, "இந்த வண்டி எப்ப கிளம்பும்?" என்று கேட்டார்.

சித்தப்பாவின் முறை வந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முகக்கவசம் போட்டிருந்தார். கண் மட்டும்தான் தெரிந்தது.

"ஊசி…" என்று கதவு வாயெடுப்பதற்குள் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார்.

"போட்டாச்சுடா! நீ என் முகத்துல கதவைச் சாத்தின மறுநாளே போய்ப் போட்டேன். சீட்டு இருக்கு, போட்டோ இருக்கு. பாக்குறியா?"

கதவு நெகிழ்ந்துபோனான். "சித்தப்பா…"

"இரு. எல்லாரையும் கேட்டுட்ட. நான் ஒண்ணு கேக்கட்டுமா? நீ போட்டியா?"

வரிசை சிரித்தது. கதவும் சிரித்தான். "நானா? நான் படிச்சது பெரியம்மா ஸ்கூல்ல. ஊசி போடற அன்னிக்கு மொத்த ஸ்கூலையும் விசிலடிச்சு வரிசையில நிறுத்தினதே அவங்கதான். எனக்குப் போடாம இருந்திருப்பாங்களா? சொல்லு பெரியம்மா!"

பெரியம்மா தட்டில் பழச்சாறு குவளைகளோடு வந்துகொண்டிருந்தாள். அப்படியே நின்றாள்.

"சொல்லு பெரியம்மா."

"ஜூஸ் ஆறிடும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் திரும்பினாள்.

ஐஸ் போட்ட ஜூஸ் எப்படி ஆறும்? வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கதவு கயிற்றைத் தாண்டிப் போய் அவள் முன்னால் நின்றான். அவன் நின்றால் பிறகு யாரும் எங்கும் போகமுடியாது.

"பெரியம்மா. எனக்கு ஊசி போட்டிருக்கா, இல்லையா?"

"ஸ்கூல்ல… ஒரு தடவை… நீ ரொம்ப அழுத."

"அழுதா?"

"மூச்சுவிடாம அழுத. நர்ஸைப் பாத்ததும் தூணைக் கட்டிப்பிடிச்சுக்கிட்ட. நாலு பேர் இழுத்தும் வரல. தூண்தான் வந்துடும்போல இருந்துச்சு. அதனால விளையாட்டுச் சாமான் ரூம்ல, மெத்தைக்குப் பின்னால உன்னை உக்கார வெச்சு, பந்தைக் கையில கொடுத்துப் பூட்டிட்டேன்."

"அடுத்த தடவை?"

"அப்பவும் பந்துதான்."

"கைக்குழந்தையா இருக்கறப்ப?"

"அப்ப உங்கம்மா படுத்த படுக்கை. யாரும் கவனிக்கல."

"அம்மையாவது வந்துச்சா எனக்கு?"

"இல்லடா. அந்தத் தைரியத்துலதான் விட்டுட்டேன்."

வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது. சித்தப்பா மூன்று கவசத்தையும் தாடைக்கு இழுத்துவிட்டு, கதவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஏன்டா, ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணினியே! தினம் ஆயிரம் பேர் மூச்சு விடற வாசல்ல நிக்கிறவன் நீ. என்னை விரட்டிட்டு நீதானேடா குழந்தையை மடியில வெச்சிருந்த?" கேலியாகத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரலில் கேலி இல்லை.

கதவு காரைத் திரும்பிப் பார்த்தான். நேற்றுக்கூட வேலையிலிருந்து வந்ததும் பொட்டலத்தைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டவன் அவன். அதற்கு முந்தின நாளும்தான்.

காருக்குள்ளிருந்து மனைவி இதையெல்லாம் ஊமைப்படம்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் ஆடின, வாய்கள் திறந்தன, புருஷன் முகம் வெளுத்தது. போனில் அழைத்தாள். அவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான்.  பதிலுக்கு அந்த அலுவலகக் குரல் வந்தது.

"தகவலுக்கு நன்றிங்க. இப்ப தயவுசெஞ்சு காரைவிட்டுத் தள்ளி நில்லுங்க."

"நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"நீங்க வரல. நான் ஊசி போட்டவ, இவளைப் பாத்துக்கறேன். நேரா போய் ஊசி போட்டுக்கோங்க. டாக்டர் என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

கார் கிளம்பிப் போயிற்று. கயிற்றோரம் கதவு மட்டும் நின்றான். தெருவிலிருந்து வந்து சேர்ந்திருந்த ஒருவர், "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுக் கலைந்தார்.

பெரியம்மா தட்டைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தாள். கதவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "வா."

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை பெரியம்மா. எல்லாம் மூடியிருக்கும்."

"அம்மை பரவுதுன்னு ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்காங்க. வா."

"கேக் வெட்டலையே…"

"வாடா!"

சுகாதார நிலையத்தில் பிள்ளைகளும் தாய்களுமாக நெரிசல். நர்ஸ் பெரியம்மாவைப் பார்த்து, "ஊசி யாருக்கும்மா? குழந்தை எங்க?" என்றாள். பெரியம்மா பின்னால் கை காட்டினாள். "இதுதான்." நர்ஸ் தலையை அண்ணாந்து பார்த்தாள்.

கதவு நாற்காலியில் உட்கார்ந்தான். வேர்வை புருவம் தாண்டி இறங்கியது. சுற்றிலும் தூண் இல்லை. பெரியம்மா அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஊசி வருவதைப் பார்க்கக்கூடாது என்று தன் முகத்தை அவள் பக்கம் திருப்பினான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடமே நடுங்கிய அந்த முகத்தை அப்படி அவன் பார்த்ததே இல்லை.

"பெரியம்மா, ஏன் கண்ணை மூடிக்கிட்ட?"

"போட்டாச்சா?"

"போட்டாச்சு" என்றாள் நர்ஸ்.

கதவு எழுந்தான். சமாளித்துவிட்டோம் என்று நினைத்தான். வாசல்வரை நன்றாகவே நடந்தான். அங்கே கையில் அழுத்தியிருந்த பஞ்சில் ஒரு துளி ரத்தத்தைப் பார்த்தான். குறுக்காக விழுந்தான். அவனைத் தூக்க ஆட்கள் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது. ஆனால் வாசலில் அவன் கிடந்ததால் யாராலும் உள்ளே வரமுடியவில்லை. ஜன்னல் வழியாகத் தண்ணீர் தெளித்தார்கள்.

டாக்டரம்மாவைப் போனில் கேட்டபோது, "பயப்படாதீங்க. ஆனா ஊசி வேலை செய்ய ரெண்டு வாரமாகும். நீங்க தினம் அவ்வளவு கூட்டத்தில நிக்கிறவர். அதுவரைக்கும் குழந்தைகிட்ட போகாம இருக்கறதுதான் நல்லது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா உடனே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க" என்றார்.

போக்கிடம் எது? யாரை வாசலில் ஆதாரம் கேட்டு விரட்டினானோ, அவள் வீட்டுக்குத்தான் துணிப்பையோடு போனான். பெரியம்மா பையை வாங்கி உள்ளே வைத்தாள். கட்டில் அவன் நீளத்துக்குப் போதாது என்று கால்மாட்டில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாள்.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டான். "அத்தனை பிள்ளைங்க கையைப் பிடிச்சு ஊசி போட வெச்சவ நீ. எனக்கு மட்டும் ஏன் பெரியம்மா?"

"அவங்க அழுதப்ப எனக்கு ஒண்ணும் ஆகல. நீ அழுதா மட்டும் பாத்துக்கிட்டு நிக்க முடியல. அவ்வளவுதான்டா. காரணம்னு பெருசா ஒண்ணும் இல்ல." பாத்திரத்தைத் துடைத்து வைத்தாள். "தப்புதான். இந்த அம்மை பரவ ஆரம்பிச்சதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. அன்னிக்கு உன் வீட்டுக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்கடா விட்ட?"

கதவு தலையைக் குனிந்துகொண்டான். தன் காவலின் லட்சணம் அவனுக்கே விளங்கியது. யானையைச் சோதித்தவன், சேதி கொண்டுவந்தவளை விரட்டியிருக்கிறான்.

தினமும் வேலை முடிந்ததும் தன் வீட்டுக்கு எதிர் நடைபாதையில் போய் நின்று அண்ணாந்து பார்ப்பான். மனைவி ஜன்னலில் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டுவாள். குழந்தையின் உடம்பு சுடவில்லை என்று கட்டைவிரலை உயர்த்துவாள். அவன் கீழே நின்று கை தட்டுவான், நாக்கை நீட்டுவான், சுற்றிச் சுற்றி ஆடுவான். கீழ்வீட்டு அம்மாள் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் அருகில் வந்து தணிந்த குரலில், "என்ன தப்பு பண்ணியிருந்தாலும் காலில விழுந்துடுங்க தம்பி. நடுத்தெருவில ஆடறதெல்லாம் நல்லா இல்ல" என்றாள்.

அப்படி நின்ற ஒரு மாலையில்தான் போன் வந்தது. "ஏங்க, பொட்டலம் குப்புற விழுந்துட்டா! இப்பத்தான், என் கண்ணு முன்னால!" இந்தத் தடவை அலுவலகக் குரல் இல்லை, அழுகையும் சிரிப்புமாக இருந்தது. அவன் தெருவென்றும் பாராமல் கத்தினான். பிறகு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, தான் பார்க்காமல் போனதற்காகச் சிறிது நேரம் அழுதான்.

டாக்டரம்மா சரி என்று சொன்ன அன்று பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான். மனைவி இருவருக்கும் கதவைத் திறந்தாள். கதவு கை கழுவிக்கொண்டு ஓடிப்போய்ப் பொட்டலத்தைத் தூக்கினான். அவள் அவனை உற்றுப் பார்த்தாள். யாரோ ஒரு பெரிய ஆள் என்று முடிவுசெய்து, வீடு அதிர அழுதாள். பெரியம்மா வாங்கித் தோளில் போட்டதும் நிறுத்திவிட்டாள்.

"என்கிட்ட வந்ததும் நிறுத்திட்டா பாத்தியா?" என்றாள் பெரியம்மா.

"கொடு பெரியம்மா. பழகினா சரியாயிடும்."

"அவசரப்படாத. கீழ விடறேன், தானா வருவா."

பாய் விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். கதவும் தரையில் நீளமாகப் படுத்து அவளையே பார்த்தான். பொட்டலம் புரண்டாள். குப்புற விழுந்தவள் தலையைத் தூக்கி அவனைப் பார்த்துவிட்டு, இன்னொரு புரளலில் மல்லாந்து, மறுபடி புரண்டு, கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். கதவு கையை நீட்டினான். எட்டவில்லை. தலையை நுழைத்தான். தோள் மாட்டிக்கொண்டது. உள்ளே இருட்டில் பொட்டலம் அவன் மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்து, முதல் தடவையாகச் சத்தம்போட்டுச் சிரித்தாள்.

"வெளிய வாங்க, அவ பயந்துடப் போறா" என்றாள் மனைவி.

"அவ சிரிக்கிறா. என்னாலதான் வரமுடியல. கட்டிலைத் தூக்குங்க!"

பெரியம்மா ஒருபுறமும் மனைவி மறுபுறமும் கட்டிலைப் பிடித்தார்கள். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணத் தொடங்கிய பெரியம்மாவுக்குச் சிரிப்பில் மூன்று வரவில்லை.